குசினி யன்னலில் நக்கிள்ஸ்

பெண் வீட்டார் என் வீட்டைப் பார்க்க வந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானா?

கண்டியில் புவியியல் படிப்பிப்பவன் நான். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. முன்நெற்றி வேறு வருடா வருடம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. இதுவும் தவறினால் இனி ஒரு சம்பந்தமும் வராது என்று அக்கா சொல்லிவிட்டாள். அதைவிடப் பெரிய சிக்கல், பெண்ணின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த தாதி.

அவளை அசத்துவதற்காகவே திகன பக்கம் ஒரு மேல்மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தேன். அங்கிருந்து நக்கிள்ஸ் மலை தெரியும் என்று வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே போதுமாக இருந்தது. குடிவந்த நாளிலிருந்து விடாத மழை, மூடுபனி. மலையை ஒருநாளும் நான் பார்க்கவில்லை. முன்னறையில் பெரிய யன்னல் இருந்ததால் மலையும் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன். புவியியல் ஆசிரியர்!

அவர்கள் வருவதற்கு முதல் நாளே புசல்லாவையிலிருந்து வந்திறங்கிய அக்கா, வீட்டிலிருந்த அழுக்குப் பாத்திரம், கிழிந்த பாய், பழைய துணி எல்லாவற்றையும் அடுப்படிக் குசினிக்குள் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு, மலைக்கதைய மட்டும் எடுத்தே, அவ்ளோதான்! கேட்டதுக்குப் பதில் சொல்லு, போதும்."

"சரிக்கா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பெண்ணும் அவளுடைய சித்தப்பாவும் வந்து கதிரையில் உட்கார்ந்தார்கள். பாவம் அந்த மனிதர், ஏதாவது பேச வேண்டுமே என்று, யன்னலுக்கு வெளியே இருந்த வெள்ளையைக் காட்டி, "உதுக்குள்ள மலையள் இருக்கோ?" என்று கேட்டார்.

போச்சு. நான் எழுந்தே விட்டேன்.

வெள்ளைக்காரன் தூரத்திலிருந்து பார்த்தபோது மூடிய கையின் விரல்முட்டுகள் மாதிரித் தெரிந்ததால்தான் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தான் என்றேன். விளங்கட்டும் என்று முஷ்டியை மடக்கி சித்தப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் கதிரையோடு பின்னால் சாய்ந்தார். சிங்களத்தில் தும்பர, புகார், அதாவது மூடுபனி, மூடிய இடம் என்று அர்த்தம் சொல்வார்கள் என்றேன். நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இந்தப் பெயரெல்லாம் எதற்கு, வேலை செய்த தோட்டத்தின் பெயரையே மலைக்கும் வைத்துவிட்டார்கள் என்றேன். தென்மேல் பருவமழையும் அதற்கே, வடகீழ் பருவமழையும் அதற்கே. ஒரு சரிவு நனைந்து கிடக்கும், மறு சரிவு காய்ந்து கிடக்கும். உச்சியில் காற்றடித்து மரங்களெல்லாம் குள்ளமாகிவிடும். தேநீரில் ஆடை படிந்தது. அக்கா காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு மண்வகைக்குப் போனேன்.

அந்தப் பிள்ளை எழுந்து, ஆறிப்போன கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அக்கா "ஐயோ வேணாம்மா, நான் எடுக்கிறேன்!" என்று பதறிக்கொண்டு ஓடுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சேர், உங்கட மலை இஞ்சயெல்லோ நிக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். மழை விட்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிய யன்னலுக்கு அப்பால், கரிச்சட்டிகளுக்கு மேலே, நீலமாக, முட்டு முட்டாக, முழு மலையும் நின்றது. நான் இவ்வளவு நேரமும் விளக்கியது கண்டி வீதிப் பக்கத்தை.

"இப்ப சொல்லுங்கோ" என்றாள்.

வெட்கம் ஒருபக்கம், மலை அவ்வளவு அழகாக இருந்தது இன்னொருபக்கம். "நான் இதுல ஏறினதே இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். மறுபடி பனி மூடும்வரை இருவரும் பேசவில்லை.

அவர்கள் போனதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழாத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளே போன் எடுத்தாள். "நான் வீட்டில ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சித்தப்பாவுக்கு விருப்பமில்லை. குசினிக்குள்ள கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டீங்களெல்லோ, அந்த ஆளைத்தான் எனக்குப் பிடிச்சது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு, வேண்டாம் சாமி என்று, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.