ஏகாம்பரத்தைக் கூறு போட்டேன்

முடியாமல் போன நாவலைச் சிறுகதைகளாக்குவது மீந்துபோன சோற்றில் வடகம் போடுவது மாதிரி. நல்ல வெயிலும் கொஞ்சம் வெட்கங்கெட்டதனமும் இருந்தால் போதும். பரண்மேல் அரை நாவலைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் நாவலின் நாயகன் ஏகாம்பரம். மறைமலைநகரில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியின் பஸ் டிரைவர்; செங்கல்பட்டில் எனக்கு அடுத்த தெரு. நாவலில் ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினான், அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. அவனோ தன்னை வைத்து ஒரு புத்தகம் வரப்போகிறது என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

ஹாரனுக்குப் பதில் விசில்

திருக்கழுக்குன்றத்துப் பெண் ஒருத்திக்காக ஏகாம்பரம் தினமும் அவள் தெருமுனையில் ஹாரன் அடிப்பானாம். அந்தச் சத்தத்துக்கு, வராமல் நின்றுபோன கழுகுகள்கூட மலையில் வந்து எட்டிப் பார்த்தனவாம். பொங்கல் மலருக்கு அவசரமாகக் கதை கேட்டார்கள். அந்தக் காதலை வெட்டி முட்டுக்காட்டுப் படகுக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தேன். படகில் ஏது ஹாரன்? ஒரு விசிலையும் சேர்த்துக் கொடுத்தேன்.

மலரைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான் ஏகாம்பரம். “படகுக்காரனுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த என் லவ்வு? அவனுக்குக் காத்து கீது, தண்ணி கீது. என்கிட்ட அது ஒண்ணுதான இருந்துச்சு!”

பேன்ட்டை மாற்றிய வீரம்

ஏரி உடைந்து ரோட்டில் வெள்ளம் ஓடியபோது, மேனேஜர் மிரட்டியும் வண்டியை எடுக்க மறுத்து ஒரு ஷிஃப்ட் ஆட்களையே ஏகாம்பரம் காப்பாற்றினானாம். அன்று பார்த்து நான் லீவு. அவன் வீரம் காட்டிய நாளெல்லாம் நான் லீவுதான். அதை ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அனுப்பினேன். கதாநாயகனை, அணுமின் நிலையத்துக்காரர்களின் அணுபுரத்தில் குடியிருக்கும் ஆபீசராக்கச் சொல்லி உதவி ஆசிரியர் போன் செய்தார்:

“டிரைவர்னா எங்க வாசகிங்க பக்கத்தைத் திருப்பிடுவாங்க சார். ரொம்ப மெனக்கெட வேணாம், பேன்ட்டை மட்டும் மாத்துங்க.”

மறந்த வேலை

நடுவில் வழி தெரியாவிட்டாலும் முதலிலேயே எழுதி வைத்திருந்த கடைசி அத்தியாயம்தான் பாக்கி. மாமல்லபுரம் ரோட்டில் நாயகனுக்கு மாரடைப்பு. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து உயிரை விடுவான். அதையும் ஒரு ஞாயிறு மலருக்குத் தள்ளினேன். நாவலை வெட்டுகிறவன் ஒவ்வொரு துண்டிலும் பேரை மாற்ற வேண்டும். அலுப்பில் மறந்துவிட்டேன். ஊர், பேர், கம்பெனி பஸ் எல்லாம் அப்படியே அச்சாகிவிட்டது.

பேப்பரிலேயே வந்துவிட்டது, பொய்யா இருக்கும்? பழைய டிரைவர்கள் வேன் பிடித்து, ஆளுயர மாலையோடு அவன் வீட்டு வாசலில் இறங்கினார்கள். கதவைத் திறந்தவன் ஏகாம்பரமேதான். அந்த மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“லவ்வு படகுக்காரனுக்கு, வீரம் ஆபீசருக்கு, சாவு மட்டும் என் பேர்லயா? இன்னா நாயம் அண்ணாத்த இது!”

அடியில் மிச்சம்

புத்தகம் எங்கே என்று டீக்கடையில் கேட்டால் பாவம், என்ன சொல்வான்? மீந்திருந்த தாள்களை அவனிடமே கொடுத்துவிட்டேன். அவற்றில் காதல் இல்லை, வெள்ளம் இல்லை. ஏகாம்பரம் ரயில்வே கேட்டில் காத்திருக்கிறான், கண்ணாடி துடைக்கிறான், தூங்கிப்போன தொழிலாளியை அவன் ஸ்டாப்பில் தட்டி எழுப்பி இறக்கிவிடுகிறான். அதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தவை. எந்தப் பத்திரிகையும் சீந்தாது என்று ஒதுக்கியவை.

சில நாள் ஆளையே காணோம். பிறகு வந்தான். தாள்களைத் திருப்பித் தரவில்லை.

“டீக்கடையில படிச்சுக் காட்டினேன் அண்ணாத்த. ‘அப்டியே நீதான்யா’ன்னு அல்லாரும் ஒத்துக்கினாங்க. நீ வெட்டி வெட்டிக் குடுத்தியே லவ்வு, வீரம், அதெல்லாம் சும்மா நான் உனக்கு வுட்ட ரீலு.”

ஆக, இத்தனை வருஷமும் நாங்கள் இருவரும் ஒரே தொழில்தான் பார்த்துவந்திருக்கிறோம், பத்திரிகைக் கணக்கில் இன்னும் உயிரோடு இருப்பவன் மட்டும் நான்.