கலிபோர்னியாவிலிருந்து வந்த வரன்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த கலைமணி என்றால் 2005-இல் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அந்தக் கலைமணி நான்தான். நாலு கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். வயது முப்பத்து மூன்றாகியும் எனக்கே கல்யாணம் ஆகவில்லை, இந்த லட்சணத்தில் ஊருக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுக்க வெப்சைட் ஒன்றைத் தொடங்கினேன். கூச்சமே இல்லாமல் முதல் ஆளாக என் படத்தையும் ஜாதகத்தையும் அதில் போட்டேன்.

சைட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று சர்வரில் பதிவாகும். காலையில் சாமி கும்பிட்டதும் அதைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்தால், கலிபோர்னியாவிலிருந்து யாரோ என் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். மறுநாளும் திறந்திருக்கிறார்கள். அதற்கு மறுநாளும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமல் தூங்குவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். அதை அம்மாவிடம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

அம்மாவுக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! பூலாம்பாடியிலிருந்து வந்த நல்ல இடத்தை, "எம் புள்ளைய அமெரிக்காவுலேர்ந்து கேக்கறாங்க" என்று தட்டிக் கழித்துவிட்டாள். அரியலூர் இடத்துக்கு மட்டும், தரகர் விடாமல் நச்சரித்ததால், பெண் பார்க்க வேண்டா வெறுப்பாகக் கிளம்பினோம்.

பெண்ணின் பெயர் வெற்றிச்செல்வி. அங்கே ஒரு காலேஜில் கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் பார்த்துக்கொள்கிற வேலை. பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. தின்றுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அமெரிக்காவுலேர்ந்து ஒருத்தங்க தினமும் எம் பக்கத்தப் பாக்கறாங்க" என்று கெத்தாகச் சொன்னேன்.

"மத்த மாப்பிள்ளைங்க பக்கத்தயும் பாக்கறாங்களா?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி.

"பாக்கறாங்க."

"பொண்ணுங்க பக்கத்த?"

"அதயும்தான் பாக்கறாங்க."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அது ஆளே இல்லீங்க. ரோபோ. இன்டர்நெட்டுல தேடிக் குடுக்கற கம்பெனிக்காரங்க எல்லா சைட்டுக்கும் அனுப்பற புரோகிராம். ஒவ்வொரு பக்கமா மேஞ்சுட்டுப் போவும்."

கையிலிருந்த கேசரியைக் கீழே வைத்தேன். அவள் அப்பா சிரித்தார், தரகர் சிரித்தார். அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன். ஆனால் பெண் வீட்டில், "நெய்வேலியிலேர்ந்து பெரியப்பா வரட்டுங்க, அவரு சரின்னு சொன்னாதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருந்தேனா? ரோபோக்கள் மேல் ஒரே ஆத்திரம். உள்ளே வரக் கூடாது என்று சர்வரில் ஒரு சின்ன ஃபைல் எழுதி வைத்தேன். மரியாதை தெரிந்த ரோபோக்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. கலிபோர்னியாவும் போனது. அதன் பிறகு பதிவைப் பார்த்தால், என் சைட்டைத் தினமும் பார்க்கிற ஒரே ஜீவன் நான்தான்.

இன்னொன்று மட்டும் போகாமல் வந்துகொண்டிருந்தது. வருகிற இடத்துக்கு ஓர் எண் பதிவாகும்; இது எங்கிருந்து என்று தெரியாத எண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரும். வேறு எதையும் தொடாது; என் பக்கத்தை மட்டும் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். நான் எழுதி வைத்த ஃபைலை மதிக்கவே இல்லை. 'யாருகிட்ட! மறுபடியும் ஏமாறுவனா?' என்று அந்த எண்ணுக்கே தடை போட்டுவிட்டு, நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

ரெண்டு நாள் கழித்து சென்டருக்கு போன் வந்தது.

"வெற்றிச்செல்வி பேசறேங்க, காலேஜிலேர்ந்து. உங்க சைட்டு எங்க காலேஜ மட்டும் உள்ள விடமாட்டேங்குதே. ஏங்க, என்னப் புடிக்கலயா?"

அட மடையா! ரோபோவைப் பெண் என்று நினைத்து மாசக்கணக்கில் பூரித்தவன், நிஜப் பெண் வந்து எட்டிப் பார்த்தபோது ரோபோ என்று விரட்டியிருக்கிறேன். "புடிச்சிருக்குங்க! ரொம்பப் புடிச்சிருக்குங்க!" என்று போனில் கத்தினேன். சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப தொறந்து வுடுங்க. பெரியப்பா இங்கதான் உக்காந்துருக்காரு, உங்க படத்தப் பாக்கணுமாம். சாயங்காலம் ஊருக்குக் கெளம்பறாரு."

தடையை எடுக்கப் போனவன், பதற்றத்தில் என் பக்கத்தையே அழித்துவிட்டேன். இனி ஒவ்வொன்றாக ஏற்றி முடிப்பதற்குள் அவர் நெய்வேலி போய்ச் சேர்ந்துவிடுவார். உட்கார்ந்திருந்தவர்களைக் கெஞ்சி எழுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, அரியலூர் பஸ்ஸில் ஏறினேன்.

சிமெண்ட் லாரித் தூசியும் வேர்வையுமாகக் காலேஜ் ஆபீஸில் போய் நின்றேன். பெரியப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, படம் கேட்டா நேரா வந்து நிக்கறீங்க?"

"படம் அழிஞ்சு போச்சுங்க."

"யாரு அழிச்சது?"

"நான்தாங்க."

அவர் வெற்றிச்செல்வி பக்கம் திரும்பினார். "ஏம்மா, கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காருன்னுல்ல சொன்ன?"

"வச்சிருக்காரு பெரியப்பா. இனிமே நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றாள்.