குளிக்கலாம் என்று எழுதினேன்

மறையூரில் எங்கள் வீடு கரும்புத் தோட்டத்தின் மேல்கோடியில் இருக்கிறது. சரிவில் இறங்கினால் ஓடை. அது பாறைகளுக்கிடையே திரும்பும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். நான் அதைக் குட்டை என்பேன். நான் பிறந்த எருத்தேன்பதிப் பக்கத்தில் தேங்கிய தண்ணீர் எல்லாமே குட்டைதான். என் கணவர் கசம் என்பார். அடி தெரியாத ஆழத்துக்கு அவர்கள் வழக்கில் அந்தச் சொல். பெயர்தான் வேறு, தண்ணீர் ஒன்றுதானே என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

மாமனாரும் மாமியாரும் இருந்த இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடலாம் என்பது என் யோசனை. மூணாறுக்குப் போகிற கார்கள் எங்கள் ஊரில் நிற்காமல் கடந்துபோவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, குளியலறையைப் புதுப்பித்து, ஒரு சுற்றுலா இணையதளத்தில் வீட்டைப் பதிவு செய்தேன். நான்கு மாதம் ஒருவரும் வரவில்லை. தேடிப் பார்த்தால் என் வீடு எங்கோ கடைசியில் கிடந்தது. அறையின் படம் தலைகீழாக நின்றது. வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கான குறி சந்தனக் காட்டுக்குள் போய் விழுந்திருந்தது.

அந்தத் தளத்தில் ஓர் உதவி எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்த பெண் மலையாளத்தில் தொடங்கினாள். நான் திக்கித் திக்கிப் பதில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்கக்கா, எனக்குச் சித்தூருதானுங்க" என்றாள். கொச்சியில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்திருந்தவள். எருத்தேன்பதிக்குப் பக்கத்துச் சித்தூர். அந்த "ங்க"வைக் கேட்டதும் சொந்த ஊரில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மூன்று நாள் பேசினோம். பொறுமைக்காரி. எதை அழுத்த வேண்டும், படத்தை எப்படி நேராக்குவது, குறியை எப்படிப் பிடித்து வீட்டின் மேல் இழுத்து வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். காலை வெளிச்சத்தில் சன்னலைத் திறந்துவைத்து மறுபடி படம் எடுக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் விளம்பரத்துக்கு வந்தோம். முதல் பக்கத்தில் காட்டுவதற்கு ஒரு நல்ல வரி வேண்டும் என்றாள்.

"வெந்நீரு, ஊட்டுச் சாப்பாடு இதெல்லாம் எல்லாரும் போடுவாங்கக்கா. உங்ககிட்ட மட்டும் என்ன இருக்குதுங்க?"

"பக்கத்துல வெல்லம் காய்ச்சுறாங்க."

"மறையூர்னாலே வெல்லந்தானுங்க. வேற?"

யோசித்தேன். "கீழ ஒரு குட்டை இருக்கு. பாறைக்கு நடுவுல."

"அட! குளிக்கலாமுங்களா?"

அதில் நான் குளித்ததில்லை. கரையில் உட்கார்ந்து துணி துவைத்திருக்கிறேன். கோடையில் முழங்கால் வரை இறங்கியிருக்கிறேன்.

"குளிக்கலாம்" என்றேன்.

அவளே வரியை எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிட நடையில் இயற்கையான நீச்சல்குளம், எங்கள் விருந்தினர்களுக்கு மட்டும். நான் அதை அப்படியே எடுத்து என் கையால் பதித்தேன். பாறையின் மேல் வெயில் அடிக்கும்போது எடுத்த படத்தையும் சேர்த்தேன். பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இத ஏன் போட்ட புள்ள? அது கசம்."

"கோடையில முட்டிக்குத்தானே இருக்கு?"

"ஓரத்துல. பாறைக்கு அடியில குடைஞ்சு போயிருக்கும். எங்கப்பாவே அங்க இறங்க மாட்டாரு."

எழுதியதை எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. எடுத்துவிடுகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அடுத்த நாளே இரண்டு குடும்பங்கள் அறை கேட்டிருந்தன.

அந்தக் கோடை முழுக்க ஆட்கள் வந்தார்கள். குழந்தைகள் குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினார்கள். பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தீங்கும் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் குளத்தைப் பற்றித் தளத்தில் நல்லதாக எழுதிவிட்டுப் போனார்கள். என் கணவர் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐப்பசியில் மழை பெய்து ஓடை நிறைந்தது. ஒரு வாரம் யாரும் வரவில்லை. மழை விட்ட இரண்டாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை. அந்த மனிதர் காரிலிருந்து இறங்கியதும் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு எந்தூருங்க?" என்றார்.

"பொறந்த ஊடு எருத்தேன்பதிங்க."

"அட, நம்ம பக்கந்தானுங்க! எங்க பெரியம்மாவ அங்கதான் கட்டிக் குடுத்திருக்குதுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மதியத்துக்குக் கோழிக் குழம்பு வைக்கிறேன் என்று உள்ளே போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் தோளில் துண்டோடு அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"குளத்துக்கு இப்படியே இறங்கிப் போலாமுங்களா?"

வழி சொன்னேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்பதைத்தான் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. தண்ணீர் கூடியிருக்கிறது, ஓரத்திலேயே இருங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா? துண்டின் நிறம் நினைவிருக்கிறது. நீலம். வெங்காயம் கண்ணில் எரிந்தது நினைவிருக்கிறது. அந்த வாக்கியம் மட்டும் இல்லை.

அரைமணி நேரம் இருக்கும். அவர் மனைவி குழந்தையை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். கத்தவில்லை. மூச்சுத்தான் வந்தது. "மேல வரலீங்க, மேல வரலீங்க" என்று அதையே சொன்னாள். அவர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். மகளுக்குக் காட்டுவதற்காகப் பாறை மேலிருந்து குதித்திருக்கிறார். இரண்டு தடவை மேலே வந்து சிரித்திருக்கிறார்.

என் கணவர் தோட்டத்திலிருந்து ஓடிவந்து இறங்கினார். கரும்பாலையில் வேலை செய்தவர்கள் கயிறோடு வந்தார்கள். நான் குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன். தீயணைப்புக்காரர்கள் வந்து, மூன்று மணிக்கு மேல் அவரை எடுத்தார்கள். பாறைக்கு அடியில் குடைந்திருந்த இடத்தில் இருந்தார். என் கணவர் சொன்ன அதே இடம்.

போலீஸ்காரர் ஒருவர் எங்கள் பக்கத்தைத் தன் போனில் திறந்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். இது நீங்கள் எழுதியதா என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். எச்சரித்தீர்களா என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "இவ சொன்னா சார். நான் கேட்டேன்" என்றார். அப்போது அவர் தோட்டத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"சொன்னேன் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அந்த வரியை அழிக்க உட்கார்ந்தேன். குளத்தை நீக்குவதற்கு ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது தளம். பராமரிப்பு, தற்காலிக மூடல், மற்றவை. மற்றவையை அழுத்தினேன். மாற்றம் பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். பச்சைக் கண்ணாடித் தண்ணீர் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அறை கேட்டிருந்தார். உதவி எண்ணில் வேறு வேறு ஆட்கள் எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொருவரும் வருந்துகிறோம் என்றார்கள். ஒருவர், குளத்தை எடுத்தால் உங்கள் பக்கம் பின்னால் போய்விடுமே, பரவாயில்லையா என்று கேட்டார். அவர் வேலை அது.

அடுத்த வாரம் இறந்தவரின் மைத்துனர் ஒரு படத்தை என் போனுக்கு அனுப்பினார். இறந்தவரின் போனுக்குத் தளத்திலிருந்து வந்த செய்தி. நீங்கள் தங்கிய இடம் எப்படி இருந்தது, நட்சத்திரங்களைத் தொட்டுச் சொல்லுங்கள் என்று இருந்தது. கீழே மைத்துனர் ஒரே வரி எழுதியிருந்தார். இதையும் நீங்கதான் அனுப்புனீங்களா?

அது தானாகப் போகிற செய்தி என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அவருக்கு அதைப் புரியவைத்து என்ன ஆகப்போகிறது? அன்றே பக்கத்தை முழுதாக மூடச் சொல்லி உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் சித்தூர்ப் பெண் எடுத்தாள்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? ஆளுங்க வர்றாங்களா?"

சொன்னேன். அவள் பக்கத்தில் வேறு யாரோ யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"நா அந்த எடத்தப் பாத்ததே இல்லீங்கக்கா" என்றாள். "நீங்க குளிக்கலாம்னு சொன்னீங்க. அதான்..."

"ஆமா. நான் பாத்திருக்கேன். நான்தான் சொன்னேன்."

அவள் அழுதாள். நான் அவளைத் தேற்றினேன். அன்று மாலைக்குள் பக்கத்தை மூடிவிட்டாள். எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் இப்போது எங்கள் வீடு வருவதில்லை.

தை மாதம் எருத்தேன்பதிக்குப் போனவள், திரும்பும்போது பொள்ளாச்சியில் இறங்கி இறந்தவரின் மனைவி இருக்கும் வீட்டைத் தேடிப் போனேன். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். வேண்டாம் என்றார், பிறகு போய்ட்டு வா என்றார். குழந்தை முன்னறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடியது.

அவள் வந்து நின்று பார்த்தாள். நாற்காலியைக் காட்டினாள். காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அவருகிட்டச் சொன்னீங்களா, ஆழத்துக்குப் போக வேண்டாம்னு?"

இதைக் கேட்பாள் என்று தெரிந்துதான் வந்திருந்தேன்.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன். "சொன்ன மாதிரியும் இருக்கு. சொல்லாத மாதிரியும் இருக்கு."

"போலீசுல சொன்னதா எழுதியிருந்துச்சுங்களே."

"ஆமாங்க."

தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அதையே எங்கிட்டயும் சொல்லீருக்கலாமுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல்.

உடுமலைப்பேட்டை பஸ்ஸைப் பிடித்து அங்கிருந்து மறையூர் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

"காப்பி குடுத்தாங்க" என்றேன்.