காளவாசல் மாடியில் ஐ, ஹி, வி

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வயிறு கழுவியவர்களுக்குத் தெரியும்: பெயர்ச்சொல் வரைக்கும் வகுப்பு ஒழுங்காகப் போகும், ப்ரொனவுன் வந்ததும் ஆளாளுக்கு வீட்டுக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில், காளவாசலில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நான் சாயங்கால வகுப்பு நடத்தினேன். வந்தவர்கள் எல்லாருமே குடும்பம் குட்டி உள்ள பெரியவர்கள். அவர்கள் போனதும் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வேன்.

அவுக

செல்வமணி திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் பட்டாளத்தில் இருந்தார். வடக்கே குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அங்கே அக்கம்பக்கத்தில் பேச இங்கிலீஷ் வேண்டுமே! மற்றதெல்லாம் சரியாகச் சொல்வார், கணவர் பேச்சு வந்தால் மட்டும் 'தே ஆர் இன் தி ஆர்மி' என்பார். ஒரே ஆள்தானே, 'ஹி' என்று சொல்லுங்கள் என்றேன். திரும்பவும் 'தே' என்றுதான் சொன்னார். மறுபடி கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

"எதிர்வீட்டுப் பொடியனுக்கும் ஹி, அவுகளுக்கும் ஹியா சார்? மொகத்தப் பாத்தே ரெண்டு வருசமாச்சு, இதுல அவன் இவன்னு வேற சொல்லணுமாக்கும்!"

மைசெல்ஃப்

ஜெயராஜ் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். சந்தேகம் கேட்பதில் கெட்டிக்காரர். ஒருநாள் போர்டில் உதாரணங்கள் எழுதினேன். ஐ குக் ஃபார் மைசெல்ஃப். ஐ வாஷ் மை க்ளோத்ஸ் மைசெல்ஃப். ஐ டாக் டு மைசெல்ஃப். யோசித்து எழுதியதில்லை, கைக்கு வந்ததை எழுதினேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் போர்டை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் மெதுவாக எழுந்தார்.

"சார், 'அவர்செல்வ்ஸ்'க்கு ஒரு உதாரணம்கூட உங்ககிட்ட இல்லையா?"

வி

தமிழில் 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'வி'தான். அதில் ஒரு ஆள் எப்படி ஏமாறலாம் என்று அனுபவித்தவன் நான்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜெயராஜ் மற்றவர்களோடு வாசலில் நின்று, பழகிப் பார்க்கிற மாதிரி, "சார், வி ஆர் கோயிங் டு ஈட் பரோட்டா" என்றார். நான் அவசரமாகச் சாக்பீஸ் கையைத் துடைத்தேன், சட்டைப் பித்தானைப் போட்டேன், செருப்பையும் மாட்டிவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியாரைப் பரோட்டாக் கடைக்குக் கூப்பிடுவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்கள். செல்லூரில் விசைத்தறி ஓட்டும் மாயாண்டிதான் பணிவாகச் சொன்னார்.

"நீங்க படுங்க சார், நாங்க போயிட்டு வாரோம்."

நோபடி

அந்த மழைக்காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல். மாடியில் விளக்கு எரியாததைப் பார்த்து, வகுப்பு இல்லை என்று மற்றவர்கள் கீழேயே திரும்பிப் போய்விட்டார்கள். மாயாண்டி மட்டும் மாடி ஏறி வந்து பார்த்தார். நான் தண்ணீர் எடுக்கக்கூட எழ முடியாமல் கிடந்தேன். அப்படியே தூக்கி சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை தள்ளிக்கொண்டே வந்தார்.

அவர் சைக்கிளை நிறுத்தப் போன நேரத்தில் நர்ஸ், "கூட யாரு இருக்கா?" என்றார். எத்தனையோ இடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், 'நோபடி' என்று வந்துவிட்டது. அதற்குள் மூச்சு வாங்க உள்ளே வந்த மாயாண்டியின் காதில் அது விழுந்தது.

"தறிய நிப்பாட்டிட்டு வந்து நிக்கிறேன் சிஸ்டர், என்னையப் போயி நோபடிங்கறாரு, சம்படின்னு எழுதிக்கோங்க!"

பெயருக்குப் பதிலாக எந்தச் சொல்லைப் போடலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன், ஆளுக்குப் பதிலாக எதைப் போடலாம் என்றுதான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை.