அடுப்பில் போட்ட குப்பை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் என் வாசல்தான் சுத்தம். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. குப்பை லொறி கீழே பஸ் ரோட்டோடு போய்விடும், லயத்துக்கு ஏறாது. மற்றவர்கள் குப்பையைத் தண்ணீர் ஓடும் கானில் தள்ளுவார்கள். அப்போதெல்லாம் நான் ஒன்றையும் வெளியே போடமாட்டேன். சீனி வந்த பை, பிஸ்கட் உறை, அறுந்த செருப்பு எல்லாம் என் அடுப்புக்குத்தான். மழை நாளில் கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி லேசில் பிடிக்காது. ஒரு பையைச் சுருட்டிக் கொளுத்தி அடியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

"பெரியம்மா வாசல்ல நாய்க்கு மோந்து பாக்கக்கூட ஒண்ணும் கெடைக்காது" என்பாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. எனக்கு அது பெருமை.

அப்போது சமைத்தது என் மருமகள். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, புகை போக ஓட்டை இல்லாத அந்த அடுப்படியில்தான் உட்காருவாள்.

"மாமி, அந்தப் பைய போடாதீங்க, நெஞ்ச அடைக்குது."

"இத்தன வருசமா நான் ஊதாத அடுப்பா? ஒனக்கு மட்டும் என்ன பட்டு நெஞ்சா?"

அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு நாள், மலை ஏற முடியாமல் கொழுந்தோடு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல பிளாஸ்டிக், ரப்பர் ஏதும் எரிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா. வெறகு மட்டுந்தான்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று விளங்கியது. டொக்டர் எழுதத் தொடங்கினார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் அந்தத் தாளில் பொய் ஏறுவது தெரிந்தது.

"எரிக்கிறோங்க" என்றேன். "நான்தான் போட்டேன். அவ வேணாம்னு சொன்னா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இனிமே எரிக்காதீங்க அம்மா" என்றார் டொக்டர். "இதுக்கு மேல கூடாம பாத்துக்கலாம். ஆனா கெட்டுப்போன நெஞ்சு பழையபடி ஆகாது."

இப்போது சமைக்கிறது நான். வெறும் குச்சியை ஊதி ஊதித்தான் மூட்டுகிறேன். பைகளைக் கழுவிக் காயவைத்து, உரச்சாக்கில் கட்டி, லொறி வரும் நாளில் ரோட்டுக்குத் தூக்கிப் போகிறேன். மருமகளுக்கு மலை வேலை நின்றுபோனது.

"நானும் ஒரு சாக்கு தூக்கிட்டு வரட்டா மாமி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"நீ இரு" என்பேன். ரோட்டுக்கு இறங்குவது அவளால் முடியும். திரும்ப லயத்துக்கு ஏறி வரத்தான் ஆகாது.