ஜெனீவாவில் பேச்சு, ஈப்போவில் என் பெர்மிட்

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த முதல் வாரம், தூக்குவாளியோடு காதர் அண்ணன் உணவகத்துக்கு டீ வாங்கப் போனேன். ‘புங்குஸ்’ என்றேன், பார்சலுக்கு இங்கே அதுதான் சொல். அண்ணன் டீயை நன்றாக ஆற்றி, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அந்தப் பையைப் பயபக்தியோடு என் தூக்குவாளிக்குள் இறக்கி மூடி போட்டுக் கொடுத்தார்.

“நேரா இதுலயே ஊத்தலாமே அண்ணே?”

“சிந்திடும் தம்பி. இப்படிக் கட்டுனா பஸ்ஸுல பீடோர் டவுன் வரைக்கும் கொண்டு போலாம்லா.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பையே நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் செய்ததுதான்.

இந்த ஆண்டு என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் நேரத்தில், உலக நாடுகள் ஜெனீவாவில் கூடி பிளாஸ்டிக் மாசைத் தடுக்க ஒப்பந்தம் பேச உட்கார்ந்தன. உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, குப்பையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று இன்னொரு கட்சி. எல்லாரும் தலையாட்டினால்தான் முடிவு. எங்கள் முதலாளி சுங்காய் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “ஒப்பந்தம் வந்துச்சுன்னா ஆள கொறைக்கணும். முடிவு தெரியட்டும், பெறகு உன் பெர்மிட்ட பார்ப்போம்லா” என்றார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும் என்பதால், தினமும் செய்தி பார்த்துச் சொல்லும் உத்தியோகமும் சேர்ந்துகொண்டது.

“இன்னைக்கும் ஒத்துக்கலையா?”

“இல்ல முதலாளி.”

“எங்க தோட்டத்துக் கோயில் கூட்டம் மாதிரியே இருக்கு. ஒரே ஒரு ஆளு முறைச்சிக்கிட்டா திருவிழா நடக்காது” என்று குஷியாகிவிடுவார். அந்தப் பேச்சு நாசமாகப் போகட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் திருநெல்வேலிப் பக்கம் அப்பா வேறு வேண்டுதலில் இருந்தார். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எங்கள் வயல் மடையைப் பைகள் அடைத்துவிடும். சின்ன வயதில் நானும் கம்பியால் இழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அவர் தனியாக இழுக்கிறார். ஒவ்வொன்றையும் வீடியோ காலில் தூக்கிக் காட்டுகிறார்.

“ஏலே, இது ஒங்க கம்பெனிப் பையா பாரு.”

“நாங்க இங்க மட்டுந்தான் விக்கோம்ப்பா.”

“அந்த ஒப்பந்தம் வந்தா ஒங்க கம்பெனிய மூடிருவாவளா?”

என் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார் என நினைத்து, “அதெல்லாம் மூட மாட்டாங்க” என்று தினமும் தைரியம் சொன்னேன்.

ஒரு மதியம், உடன்பாடு இல்லாமலே கூட்டம் கலைந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே பெர்மிட் தாள்களை நீட்டினார். பேனாவைத் திறக்கும்போது அப்பா அழைத்தார். ஒப்பந்தம் ஆகவில்லை என்று சொன்னேன்.

“ஆவலியா?” என்றார். “நீ வந்துருவன்னு ஒன் ரூமுக்கு வெள்ளையடிச்சிட்டேனேல.”

முதலாளி விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னேன்: “அடுத்த கூட்டத்துல ஆயிரும்ப்பா.”