பஞ்சு வச்ச காது

பேண்டு செட்டுத் தொழில்ல ஊதுறது, அடிக்கிறதெல்லாம் சுளுவு. ஊருக்காரன் நம்மளைச் சந்தேகப்படாம பாக்க வைக்கிறதுதான் பெரும்பாடு. ஊர்வலத்துல காதைப் பொத்திக்கிட்டு நடந்த மகராசன்களே, உங்க பொத்துன காதைப் பாத்துக்கிட்டே வாசிச்ச எங்க கதையையும் கொஞ்சம் கேளுங்க.

பாளையம்பட்டி மாப்பிள்ளை அழைப்பு

அறுபதுகளோட கடைசியில அருப்புக்கோட்டையில செட்டு ஆரம்பிச்சேன். பெரிய டிரம்மு நான். டிரம்பெட்டு சேசுராசு. பாட்டை அழகா ஆரம்பிப்பான். பாதியில கிறுக்குப் பிடிச்சவனாட்டம் உச்சியில ஏத்திக் காதைக் கிழிப்பான். நாங்களும் விடாம வேகத்தைக் கூட்டி அடிப்போம். எங்களுக்குள்ள அதுக்குப் பேரே 'கிழிப்பு'. அதை வாசிக்காட்டி அவனுக்குச் சோறு இறங்காது.

முதல் ஊர்வலத்துல கிழிப்பு ஆரம்பிச்சதுமே மாப்பிள்ளை கார்க் கண்ணாடியை ஏத்திட்டாரு. பொண்ணோட அப்பா ஓடிவந்து டிரம்பெட்டு வாய்க்குள்ள எட்டிப் பாத்தாரு. அப்புறம் என்னை முறைச்சாரு.

"ஏப்பா, கல்யாணத்தை நடத்த வந்தீகளா, கலைக்க வந்தீகளா?"

பந்தல்குடி, முதல் நாள்

அடுத்தது பந்தல்குடி அம்மன் பொங்கல். விழாத் தலைவர் பருத்திக்கடை அண்ணாச்சி. கிழிப்பு காதுல விழுந்ததும் கடைக்குள்ள போயி, ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சுட்டு வந்து நின்னாரு. வாசிச்சு முடிச்சதும் என்னை ஓரமாக் கூப்பிட்டாரு.

"அந்தப் பய யாரு, எவருன்னே தெரியலை. நாளைக்கும் இப்படிக் கத்துனா செட்டோட பஸ்ஸு ஏறிருங்க. இனிமே இந்த ஊருப் பக்கமே வராதீக."

மறுநாள்

அந்த ஊருல ஒரு வழக்கம். வாசிக்க வந்தவுகளை வீட்டுக்கு ஒருத்தரா சாப்பாட்டுக்குப் பிரிச்சு விடுவாக. சேசுராசு போனது அண்ணாச்சி வீட்டுக்கே. எனக்குத் திக்குன்னுச்சு. சோத்தைப் போட்டுச் சொந்த ஊருக்கு அனுப்பிருவாகளோ? அவன் போனா எனக்குச் செட்டு ஏது? நான் சாப்பிட்ட வீட்டுல பருப்புக் குழம்பை அவசரமா அள்ளிப் போட்டுக்கிட்டு அவனைத் தேடி ஓடுனேன்.

"இன்னிக்கிக் கிழிப்பு வேண்டாம்டா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சரிண்ணேன்னு தலையாட்டுன பாவி, பாதிப் பாட்டுல ஏத்திட்டான். அண்ணாச்சி மூஞ்சியைப் பாக்கப் பயந்து, டிரம்மையே பாத்து அடிச்சேன். பாத்தா, கூட்டத்துல ஒரே விசிலு! "எங்க வீட்டுல சாப்பிட்டது இவருதான்"னு ஆளாளுக்குச் செட்டுல ஒருத்தனைக் கைகாட்டுறாக. நேத்து வாசிச்ச அதே கிழிப்புதான், இம்மியும் குறைக்கலை. அண்ணாச்சி சம்சாரம் கூட்டத்தை விலக்கிட்டு முன்னால வந்து, "ரெண்டாந்தரம் சோறு கேக்கக் கூச்சப்பட்ட பய, என்னா போடு போடுறான் பாருங்களேன்!"னு கத்துறாக.

முடிஞ்சதும் அண்ணாச்சி நேத்து மாதிரியே ரெண்டு காதுலயும் பஞ்சோட வந்தாரு. சிரிப்பைக் காணோம். சேசுராசை ஏற இறங்கப் பாத்தாரு. ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டாரு.

"இந்தக் காதுக்குப் பழகிருச்சு. அந்தக் காதுக்கு அடுத்த வருசம் வந்து வாசிங்க."

அதுக்கப்புறம் எந்தப் புது ஊருக்குப் போனாலும், முதல்ல யாரு வீட்டுல சாப்பாடுன்னு விசாரிச்சுட்டுத்தான் உறையில இருந்து டிரம்பெட்டையே எடுப்போம்.